அழிய மறுக்கும் பைல்

ஒரு பைலை டெலீட் செய்தால் முடியாது என்கிறதா கம்ப்யூட்டர்? உடனே பலர், எதையும் அழித்துத் தருவதாகச் சொல்லும் இலவச புரோகிராம் ஒன்றை நெட்டில் தேடிப் பிடித்துப் பதிந்துவிடுகிறார்கள். சாப்ட்வேர் எழுதிப் பிழைக்கும் நான் அதைச் செய்ய மாட்டேன்.

திரையில் வரும் செய்தியைப் படியுங்கள். பைல் வேறொரு புரோகிராமில் திறந்திருக்கிறது என்றால் சின்ன விஷயம். ரீஸ்டார்ட் செய்து அழித்துவிடலாம். பைல் கெட்டுவிட்டது, படிக்க முடியவில்லை என்றால் கதை வேறு. எந்த பைல் டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்று விண்டோஸ் வைத்திருக்கும் பட்டியல் குழம்பியிருக்கலாம். மின்தடை, எஜெக்ட் செய்யாமல் பிடுங்கிய பென் டிரைவ் எல்லாம் இதைச் செய்யும். டிஸ்க்கே பழுதாகத் தொடங்கியிருக்கவும் கூடும். அப்போது அந்த ஒரு பைலை அழிப்பதில் என்ன அவசரம்? அதே டிரைவில் இருக்கும் குழந்தையின் போட்டோக்களை முதலில் வேறு டிரைவுக்கு காப்பி செய்யுங்கள்.

அதன் பின்தான் சோதனை: டிரைவ் மீது ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், டூல்ஸ், செக். பட்டியலைத் திருத்தும் வேலையில் சில பைல்கள் போய்விடலாம். காப்பியை முன்னால் வைத்தது அதற்காகத்தான். திருத்தியதும் முரண்டு பிடித்த பைல் பெரும்பாலும் அழிந்துவிடும். (பவுண்ட்.000 என்று புது போல்டர் முளைத்தால் வைரஸ் என்று பயப்படாதீர்கள். மீட்ட துண்டுகளை விண்டோஸ் போட்டு வைக்கும் இடம் அது.) சில நாளில் வேறு பைல்களிலும் இதே செய்தி வந்தால், டிஸ்க்கை மாற்றுங்கள் என்பதே என் கட்சி.