அழுகிய கத்தரிக்காயும் பி.எஸ்சி. புராஜெக்ட்டும்: இளநிலை மாணவர் ஆராய்ச்சி சடங்காகிப் போனது ஏன்?

2010ஆம் ஆண்டு, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம். இளநிலைப் படிப்பில் இருந்த ஒரு மாணவி, அழுகிக் கிடந்த கத்தரிக்காயின் அடிப்பக்கத்தில் இருந்து கொஞ்சம் மாதிரி எடுத்தார். அதற்குள் பாக்டீரியாவைக் கொல்லும் ஒரு வைரஸ் இருந்தது. ‘மடி’ என்று அதற்குப் பெயர் வைத்தார். ஆங்கிலத்தில் ‘சேறு படிந்தது’ என்று அர்த்தம். பிறகு அந்த வைரஸ், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஃப்ரீசரில் ஆயிரக்கணக்கான வைரஸ்களோடு ஒன்றாக உறைந்து கிடந்தது.

8 ஆண்டுகள் கழித்து லண்டனில் 15 வயதுச் சிறுமி ஒருவர் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு வந்த தொற்று, எந்த ஆன்டிபயாடிக்குக்கும் கட்டுப்படவில்லை. பிட்ஸ்பர்க் ஃப்ரீசரில் தேடி எடுக்கப்பட்ட 3 வைரஸ்களின் கலவை அவருக்குச் செலுத்தப்பட்டது. அந்த மூன்றில் ஒன்று ‘மடி’. தொற்று அடியோடு போய்விடவில்லை. ஆனால் புண்கள் ஆறத் தொடங்கின, உடல் தேறியது. 2019இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் இந்தச் சிகிச்சை விவரம் வெளியானது.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது அந்த மாணவியின் அதிர்ஷ்டத்தை அல்ல. விடை தெரியாத ஒரு கேள்வியை, பட்டம் வாங்காத ஒருவரிடம் நம்பிக் கொடுத்த ஏற்பாட்டைத்தான்.

ஃபாஜ் வேட்டை என்பது என்ன?

பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களுக்கு ‘பாக்டீரியோஃபாஜ்’ என்று பெயர். சுருக்கமாக ஃபாஜ். பூமியில் எண்ணிக்கையில் மிக அதிகமான உயிரியல் பொருள் இதுதான் என்பது அறிவியலாளர்களின் கணிப்பு. 1 போட்டு பக்கத்தில் 31 பூஜ்ஜியம் போட வேண்டும். இதில் மனிதர்கள் பார்த்திருப்பது துளி.

பிட்ஸ்பர்க் பேராசிரியர் கிரஹாம் ஹாட்ஃபுல் இதை ஒரு வாய்ப்பாகப் பார்த்தார். ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனத்தின் ஆதரவோடு 2008இல் ‘சீ-ஃபாஜஸ்’ என்ற பாடத்திட்டம் தொடங்கியது. முதலாம் ஆண்டு மாணவர்களே ஒரு பிடி மண் எடுத்துவருகிறார்கள். மண்ணைத் திரவத்தில் கலக்கி, வடிகட்டி, தீங்கில்லாத ஒரு பாக்டீரியாவோடு சேர்த்துத் தட்டில் வளர்க்கிறார்கள். ஃபாஜ் இருந்தால், பாக்டீரியா படலத்தில் ஓட்டை விழுந்ததுபோல் தெளிவான புள்ளிகள் தோன்றும். அந்தப் புள்ளியில் இருந்து ஃபாஜைப் பிரித்தெடுத்து, டி.என்.ஏ.வைப் படிக்கிறார்கள். பெயர் வைக்கும் உரிமை கண்டுபிடித்தவருக்கே.

6 ஆண்டுகளில் 73 கல்லூரிகளுக்கு இது பரவியது. இதில் சேர்ந்த மாணவர்கள் படிப்பைத் தொடரும் போக்கு கூடியதாக 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. 2015இல் 627 ஃபாஜ்களின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு ஒரு பெரிய ஆய்வுக் கட்டுரையும் வந்தது. அவற்றில் பெரும்பாலானவை மாணவர்கள் தோண்டி எடுத்தவை.

நம்மூர் புராஜெக்ட் எப்படி நடக்கிறது?

இப்போது தமிழ்நாட்டின் ஒரு கலை அறிவியல் கல்லூரிக்கு வருவோம். பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி, தாவரவியல் என்று எது படித்தாலும் கடைசி செமஸ்டரில் ‘புராஜெக்ட்’ வரும். நாலைந்து பேர் கொண்ட குழு. தலைப்பும் பெரும்பாலும் ஊகிக்கக்கூடியதுதான்: ஏதோ ஒரு இலைச் சாறும் அதன் பாக்டீரியா எதிர்ப்புத் திறனும். வேப்பிலை, துளசி, கற்பூரவள்ளி, ஆடாதொடை. சாறெடுத்து, பேப்பர் டிஸ்க்கில் ஊற்றி, தட்டில் வைத்து, மறுநாள் ஸ்கேலால் வளையத்தை அளந்தால் முடிந்தது.

“ஜோன் வந்துச்சா?” என்பதுதான் கேள்வி. வந்தால் ரிசல்ட். வராவிட்டால், “சார், மார்க் போயிடுமா?” என்ற பயம். ஆக, வளையம் எப்படியாவது வந்துவிடுகிறது. போன வருஷத்து சீனியரின் ரிப்போர்ட்டில் செடியின் பெயரை மட்டும் மாற்றுவது இன்னொரு வழி. காசு கொடுத்தால் சோதனை முதல் பைண்டிங் வரை முடித்துத் தரும் ‘புராஜெக்ட் சென்டர்’கள் இருப்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

மாணவர்களைத் திட்டிப் பயனில்லை. விடை ஏற்கெனவே தெரிந்த கேள்வியைக் கொடுத்துவிட்டு, “ஆராய்ச்சி பண்ணு” என்றால் அவர்கள் வேறென்ன செய்வார்கள்? வேப்பிலைச் சாறு பாக்டீரியாவைத் தடுக்குமா என்று கேட்பது தப்பல்ல. ஆனால் அதே கேள்வியை அதே முறையில் ஒவ்வொரு வருஷமும் கேட்பதற்குப் பெயர் ஆராய்ச்சி அல்ல, சடங்கு.

இதில் தொலைவது ஒரு செமஸ்டர் மட்டுமல்ல. ‘எதிர்பார்த்தது வராவிட்டால் எண்ணை மாற்று’ என்ற பாடத்தை 20 வயதில் ஒருவர் கற்றுக்கொள்கிறார். அவரே நாளை ரத்தப் பரிசோதனை நிலையத்திலோ மருந்து நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவிலோ வேலைக்குச் சேர்கிறார். அங்கே மாற்றப்படும் எண்ணுக்கு இன்னொருவரின் உடம்பு பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வாய்ப்புகளே இல்லையா?

இருக்கின்றன. இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆராய்ச்சி ஃபெல்லோஷிப், மத்திய பயோடெக்னாலஜி துறையின் ‘ஸ்டார் காலேஜ்’ திட்டம், தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் புராஜெக்ட் நிதியுதவி என்று பட்டியல் உண்டு.

சிக்கல் எங்கே என்றால், இவற்றில் பல ‘தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்கு’ உரியவை. ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதத் தெரிந்த, பரிந்துரைக் கடிதம் கேட்கப் பேராசிரியர் கிடைத்த, சரியான நேரத்தில் தகவல் வந்து சேர்ந்த மாணவருக்கே கதவு திறக்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவருக்கு இப்படியொன்று இருக்கிறது என்று தெரிவதற்குள் கடைசித் தேதி முடிந்திருக்கும்.

யுஜிசி 2022இல் வெளியிட்ட நான்காண்டுப் பட்டப்படிப்புச் சட்டகமும் அதே பாதையில்தான் போகிறது. முதல் 6 செமஸ்டர்களில் 75% மதிப்பெண் எடுத்தவர்களே நான்காம் ஆண்டில் ஆராய்ச்சிப் பிரிவைத் தேர்வு செய்யலாம். அதாவது, ஆராய்ச்சி என்பது நன்றாக மனப்பாடம் செய்தவர்களுக்குக் கிடைக்கும் பரிசு! சீ-ஃபாஜஸ் திட்டம் நேர் எதிர். அங்கே ஆராய்ச்சிதான் முதல் பாடம், மதிப்பெண் பிறகு.

உயிரியலில் மட்டும் என்ன விசேஷம்?

துகள் இயற்பியலுக்குப் பெரிய இயந்திரம் வேண்டும். உயிரியலில், யாரும் பார்க்காத பொருள் கல்லூரி வாசலிலேயே கிடக்கிறது. வளாகக் குளத்து நீர், விடுதிக் குப்பைமேட்டு மண், பேருந்து நிறுத்தப் புங்கமரம் எல்லாமே உள்ளூர்த் தரவு. ராமநாதபுரத்து உவர்மண்ணில் என்ன ஃபாஜ் இருக்கிறது என்பதை பிட்ஸ்பர்க்கில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது.

பெரிய வேலை செய்ய வயது தடையுமல்ல. 1911இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பு மாணவராக இருந்த ஆல்ஃபிரெட் ஸ்டர்டிவன்ட், தன் ஆசிரியர் மார்கனின் பழ ஈ ஆய்வுத் தரவுகளை வீட்டுக்கு எடுத்துப்போனார். கல்லூரி ஹோம்வொர்க்கைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரே ராத்திரியில் உலகின் முதல் மரபணு வரைபடத்தைப் போட்டார். அந்தத் தரவை மார்கன் பூட்டி வைக்கவில்லை என்பதுதான் இங்கே முக்கியம்.

“காசுக்கு எங்கே போறது?”

கல்லூரிகள் சொல்லும் இந்தக் காரணம் பாதி நியாயம். டி.என்.ஏ. வரிசையைப் படிக்கச் செலவாகும். ஆனால் ஃபாஜைப் பிரித்தெடுக்க ஆட்டோகிளேவ், இன்குபேட்டர், பெட்ரி தட்டு, வடிகட்டி போன்றவை போதும். முதல் மூன்றும் மைக்ரோபயாலஜி துறை உள்ள கல்லூரிகளில் ஏற்கெனவே இருப்பவை. பறவைக் கணக்கெடுப்புக்கும் மரங்கள் பூக்கும் காலத்தைப் பதிவதற்கும் கையில் இருக்கும் செல்போன் போதும்.

மீதிப் பாதி, ஆசிரியர்களின் நேரம். தேர்வுப் பணி, சேர்க்கைப் பணி, அங்கீகாரக் குழுவுக்கான கோப்புப் பணி என்று ஓடும் ஆசிரியரிடம், அதே சம்பளத்துக்கு இதையும் பாருங்கள் என்று சொல்வது அநியாயம். மாணவர் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் நேரத்தையும் வகுப்பு நேரமாகக் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

மாற வேண்டியவை மூன்று. ஒன்று, கடைசி செமஸ்டரில் திணிக்கும் புராஜெக்ட்டை முதலாம் ஆண்டு பிராக்டிக்கலுக்குள்ளேயே தொடங்குவது. இரண்டு, ஒரு துறை ஒரே கேள்வியை ஐந்தாறு வருஷம் தொடர்வது. சீனியரின் ரிப்போர்ட் காப்பியடிக்க அல்ல, அடுத்த படிக்கு ஏற. மூன்று, மதிப்பெண்ணை ரிசல்ட்டுக்குத் தராமல் ஆய்வுக் குறிப்பேட்டுக்குத் தருவது. “வளையம் வரலை, ஏன்னா இதெல்லாம் காரணமா இருக்கலாம்” என்று நேர்மையாக எழுதியவருக்கு முழு மதிப்பெண் கிடைத்தால், புராஜெக்ட் சென்டருக்கு யார் போவார்கள்?

மூன்றில் கடைசிக்குப் பைசா செலவில்லை. வரும் செமஸ்டரிலேயே தொடங்கலாம்.