பேச்சு வராவிட்டால் பழி தாய்மொழிக்கா?

பெங்களூரில் வாழும் நம்மவர் வீடுகளில், இரண்டு வயது தாண்டியும் குழந்தைக்குப் பேச்சு வரவில்லையென்றால் உடனே சொல்லப்படும் காரணம் ஒன்று உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பக்கத்து வீட்டில் உருது, தொலைக்காட்சியில் இந்தி, நர்சரியில் ஆங்கிலம். இத்தனை மொழிகளுக்கு நடுவில் குழந்தை குழம்பிவிட்டது என்பார்கள். "ஒரே மொழியில் பேசுங்கள்" என்ற யோசனையும் கூடவே வரும். அந்த ஒரே மொழி பெரும்பாலும் ஆங்கிலமாக இருக்கும். விலக்கப்படுவது தமிழாக இருக்கும்.

இந்த யோசனை தவறானது மட்டுமல்ல, குழந்தைக்குத் தீங்கானதும் ஆகும்.

அல்சூரில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். தகப்பனார் தொழிற்சாலை ஊழியர். தாயார் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். மூன்று வயதுப் பையன் நாலைந்து சொற்களுக்கு மேல் பேசவில்லை. நர்சரியில் சேர்க்கப் போனபோது, வீட்டில் ஆங்கிலத்திலேயே பேசும்படி சொல்லி அனுப்பினார்கள். அந்தத் தாய்க்குத் தெரிந்த ஆங்கிலம் 'கம், சிட், ஈட்' என்ற அளவுதான். அதை மட்டும் பேசினார். பேரனிடம் தமிழில் பேச வேண்டாமென்று பாட்டியையும் கேட்டுக்கொண்டார்கள். கதை சொல்லிச் சோறூட்டிய பாட்டி வாய் மூடிக்கொண்டு ஊட்டினார். பேச்சு வரவேண்டிய குழந்தையைச் சுற்றிப் பேச்சே இல்லாமல் போயிற்று.

ஓராண்டு இப்படியே கழிந்தது. பிறகு உறவினர் ஒருவர் வற்புறுத்தியதால் செவிச் சோதனை செய்தார்கள். பையனுக்கு இரண்டு காதுகளிலும் கேட்கும் திறன் குறைவு என்று தெரிந்தது. கதவைத் தட்டினால் திரும்பிப் பார்ப்பான். ஆகவே காது நன்றாகக் கேட்கிறதென்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். பெரிய ஓசைகள் கேட்டன. பேச்சிலுள்ள மெல்லிய ஒலிகள் அவன் காதில் விழவில்லை. குறை காதில் இருக்க, தண்டனை தமிழுக்குக் கிடைத்தது!

இரண்டு மூன்று மொழிகளைக் கேட்டு வளர்வதால் பேச்சுக் குறைபாடு உண்டாவதில்லை என்பது மொழி வளர்ச்சியை ஆராய்ந்தவர்கள் கண்ட முடிவு. இத்தகைய குழந்தைக்கு எத்தனை சொற்கள் தெரியும் என்று பார்க்கும்போது எல்லா மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். 'தண்ணி'யும் அவன் சொத்து, கன்னடத்து 'நீரு'வும் அவன் சொத்து. ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழி கலந்தால் அது நோயுமல்ல; இவ்வூரில் பெரியவர்களே அப்படித்தானே பேசுகிறோம்?

பேச்சுத் தாமதத்துக்குக் காரணங்கள் பல. பிறவிச் செவிக் குறை இருக்கலாம். அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் தேங்கியிருக்கலாம். ஆட்டிசம் என்னும் வளர்ச்சி வேறுபாடு இருக்கலாம். எதுவென்று வீட்டில் இருந்தபடி ஊகிக்க முடியாது.

"அவன் அப்பாவே மூன்று வயதில்தான் பேசினார்" என்று ஆறுதல் சொல்வோர் உண்டு. சில குழந்தைகள் தாமாகவே பேசிவிடுவதும் உண்மைதான். ஆனால், எந்தக் குழந்தை பேசும், எது பேசாது என்று முன்கூட்டிச் சொல்ல யாரால் முடியும்? ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, ஒன்றரை வயதில் வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாமை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசாமை, வந்த பேச்சு நின்றுபோதல். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் காத்திருக்கக் கூடாது. வேண்டுதலைச் செலுத்துங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அத்துடன் காதையும் சோதியுங்கள். கைக்குழந்தைக்குத் தூக்கத்திலேயே இச்சோதனையைச் செய்துவிடலாம்.

இதற்கு வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. பெங்களூரிலேயே நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் பேச்சு, செவித்துறை இயங்குகிறது. மைசூரில் 1965-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் அகில இந்திய பேச்சு, செவிப்புலன் நிறுவனம் இருக்கிறது. 2013-ல் வந்த தேசியக் குழந்தைகள் நலத் திட்டப்படி, அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இரு முறை மருத்துவக் குழு பார்வையிட வேண்டும். செவிக் குறையும் பேச்சுத் தாமதமும் அப்பட்டியலில் உள்ளன. குழு வரும் நாளை விசாரித்துக் குழந்தையைக் கூட்டிச் செல்வது நம் பொறுப்பு.

வீட்டில் செய்ய வேண்டியது கடினமானதல்ல. குழந்தையின் முகம் பார்த்து, உங்களுக்கு நன்றாக வரும் மொழியில் பேசுங்கள். அவன் குடத்தைக் காட்டினால், "தண்ணி வேணுமா?" என்று கேட்டுச் சற்றுக் காத்திருங்கள். ஓர் ஒலி, ஒரு தலையசைப்பு, எது வந்தாலும் அதைப் பதிலாக ஏற்றுக்கொள்ளுங்கள். "சொன்னால்தான் தருவேன்" என்று தாகத்தோடு நிறுத்தி வைக்காதீர்கள். கைப்பேசியைக் கொடுத்து உட்கார வைப்பதும் உதவாது. அது ஓயாமல் பேசும். குழந்தையின் பதிலுக்குக் காத்திராது.

ஒரு குறையையும் இங்கே சொல்ல வேண்டும். பேச்சுப் பயிற்சி, வீட்டில் பேசும் மொழியில் அமைந்தால்தான் தாயும் பாட்டியும் அதைத் தொடர முடியும். தமிழறிந்த பயிற்சியாளர் இவ்வூரில் யார் யார், எங்கே இருக்கிறார்கள் என்பது எளிய குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகள் அந்தப் பட்டியலைத் திரட்டி வெளியிடலாம்; ஆண்டுக்கொரு செவிச் சோதனை முகாமும் நடத்தலாம். தமிழுக்குச் செய்யும் தொண்டில் இதுவும் சேரும்.

அல்சூர்ப் பையன் இப்போது காதுக் கருவி அணிந்து பயிற்சிக்குப் போகிறான். பேச்சு மெதுவாகத்தான் வருகிறது. இழந்த ஓராண்டு சுலபத்தில் திரும்பாது. பாட்டி மறுபடியும் கதை சொல்லிச் சோறூட்டுகிறார். அவரை யாரும் இனித் தடுக்க வேண்டாம்.