வேல்ராம்பட்டு ஏரிக்கு வெளிச்சம் வேண்டும்

புதுச்சேரியில், நெல்லித்தோப்பிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை வேல்ராம்பட்டு ஏரி. சுற்றிலும் வீடுகள் பெருகிய பிறகு அதில் கழிவுநீர் கலந்தது, ஆகாயத்தாமரை படர்ந்தது. அள்ளினாலும் மறுபடி மூடிக்கொள்கிறது. பழியைச் செடியின் மேல் போடுகிறோம். அது செழிப்பதற்கான நிலைமையை உண்டாக்கியவர்கள் நாம்தான்.

ஆழம் குறைந்த ஏரியில் எது வளரும் என்பதை முதலில் தீர்மானிப்பது வெளிச்சம். தண்ணீர் தெளிந்திருந்தால் வெயில் தரைவரை எட்டும்; வேலம்பாசி போன்ற மூழ்கு செடிகள் அடியில் தழைக்கும். அவை சேற்றைக் கிளம்பவிடாமல் பிடித்துவைக்கும்; நுண்பாசியைத் தின்னும் சிற்றுயிர்களுக்கு மறைவிடம் தரும். அதனால் தண்ணீர் மேலும் தெளியும். சாக்கடையோடு பாஸ்பரஸும் நைட்ரஜனும் வந்து சேர்ந்தால் எல்லாம் தலைகீழாகும். நுண்பாசி பெருகி நீர் பச்சையாகக் கலங்கும், அடியிலுள்ள செடி இருளில் மடியும், பிடிப்பு இழந்த சேறு காற்றடித்தாலே எழும்பும். சாதாக் கெண்டை போன்ற மீன்கள் தரையைக் கிளறி அந்தக் கலங்கலை இன்னும் மோசமாக்கும்.

இந்த இரு நிலைகளையும் டச்சு அறிவியலாளர் மார்ட்டென் ஷெஃபரும் சகாக்களும் 1993-ல் விளக்கினார்கள். மிதக்கும் செடிகள் மேற்பரப்பை முழுதாக ஆள்வதும் நிலைத்துவிடக்கூடிய ஒரு நிலை என்று 2003-ல் ஷெஃபர் வேறு சகாக்களோடு சேர்ந்து காட்டினார். வெப்ப நாடான நமக்கு இதுதான் பெரிய ஆபத்து. தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரைக்கு இங்கே குளிர்காலத் தடையே இல்லை. சத்து மிகுந்த நீரில் இரண்டு வாரத்துக்குள் இரட்டிப்பாகும். அதன் அடியில் வெளிச்சமும் இல்லை, பிராணவாயுவும் குறைவு.

கெட்ட ஏரி எளிதில் திரும்பாது என்பதற்கு நெதர்லாந்தின் வெலுவே ஏரி சாட்சி. அங்கே 1979-லேயே பாஸ்பரஸ் வரத்தைக் குறைத்தார்கள். ஆனாலும் மூழ்கு செடிகள் பரவலாகத் திரும்பியது 1990-களில்தான். சேற்றில் தங்கும் சத்து தண்ணீருக்குள் கசிந்துகொண்டிருப்பதும் இத்தகைய தாமதத்துக்கு ஒரு காரணம்.

நம் ஏரிகளுக்கு இயற்கை ஒரு வாய்ப்பையும் தந்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, தையில் தெளிந்து, கோடையில் ஓரம் காய்வது அவற்றின் வழக்கம். அல்லியும் கொட்டியும் கிழங்காகச் சேற்றுக்குள் காத்திருந்து அடுத்த மழையில் துளிர்க்கும். சரிந்து இறங்கும் கரையில்தான் கோரையும் சம்பும் நிற்கும். அங்கேதான் பறவை மேயும். 2008-ல் சரணாலயமான ஊசுடு ஏரியில் நாமக்கோழிகளுக்கு முக்கிய இரை நீர்ச்செடிகள்தாம். கரையைச் செங்குத்தாக வெட்டிச் சுவர் எழுப்பி, நடைபாதை போட்டு, ஆண்டு முழுக்கச் சாக்கடையால் நிரப்பிவைத்தால் அந்தச் சுழற்சியே அறுந்துபோகும். அழகுபடுத்தல் என்ற பெயரில் இதைச் செய்வது எனக்கு வேதனை தருகிறது.

ஆகாயத்தாமரையை அள்ளத்தான் வேண்டும். ஆனால், கரையிலேயே குவித்துவைத்தால் அழுகி, உறிஞ்சிய சத்தெல்லாம் ஏரிக்கே திரும்பும். அதை உரமாக்க வெளியே கொண்டுபோக வேண்டும். அதற்கும் முன்பாக, ஏரிக்குள் வந்து விழும் கழிவுநீர் வழிகளை அடைக்க வேண்டும். அடுத்த முறை அள்ளும் இயந்திரம் இறங்கும்போது, எந்தெந்த வழி அடைக்கப்பட்டது என்று அதிகாரிகளையும் மக்கள் பிரதிநிதிகளையும் கேளுங்கள்.