இன்டர்நேஷனல் லுக்கும் எங்க ஊர் பஸ் ஸ்டாண்டும்

கிராஃபிக் டிசைன் வாத்தியார்கள் யாராவது இந்தப் பக்கம் வந்தா கோச்சுக்காதீங்க. இன்னிக்கு கொஞ்சம் சூடாத்தான் இருக்கும்.

"ரொம்ப லோக்கலா இருக்கு. இன்டர்நேஷனல் லுக் இல்ல."

விஸ்காம் ரெண்டாம் வருஷம் படிக்கற என் சித்தப்பா பொண்ணோட புராஜெக்ட்டுக்கு அவங்க சார் எழுதின விமர்சனம் மொத்தமே இவ்வளவுதான். மார்க் 50-க்கு 23. எந்தக் காலேஜ்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

புராஜெக்ட் என்னன்னா, ஒரு பொது இடத்துக்கு வழிகாட்டிப் பலகை டிசைன் பண்ணணும். வகுப்புல முக்கால்வாசிப் பேர் ஏர்போர்ட், ஷாப்பிங் மால்னு போயிட்டாங்க. இவ எங்க ஊர் டவுன் பஸ் ஸ்டாண்டை எடுத்துக்கிட்டா. ரெண்டு சாயங்காலம் அங்கயே உக்காந்து, யாரு என்ன விசாரிக்கறாங்கன்னு நோட்டுல குறிச்சா. ரூட் நம்பரைக் கேக்கறவங்க கம்மி. "இது பெரியாஸ்பத்திரி போகுமாப்பா"ன்னு கேக்கறவங்கதான் அதிகம். அதனால நம்பரை விட ஊர் இடங்களோட பேரைப் பெருசாப் போட்டா. படிக்கத் தெரியாதவங்களுக்காக தெப்பக்குளம், சந்தை, ஆஸ்பத்திரி, தேர்முட்டின்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு படம். மஞ்சப் பலகையில கறுப்புத் தமிழ் எழுத்து, ஏன்னா ராத்திரி அங்க எரியறது ஒரே ஒரு டியூப் லைட்டு.

குறையே இல்லைன்னு சொல்ல வரல. படங்கள்ல ஒண்ணோட கோடு தடிமனாவும் இன்னொண்ணு மெல்லிசாவும் இருந்துச்சு. தமிழ்ல மேல புள்ளியும் விசிறியும், கீழ சுழிப்பும் வர்றதால வரிகளுக்கு நடுவுல இடம் கூட விடணும், அதை அவ விடல. இதையெல்லாம் சொல்லி மார்க்கைக் குறைச்சிருந்தா நானே சாருக்கு ஒரு சலாம் போட்டிருப்பேன். ஆனா சார் சொன்னது "லோக்கல்".

நமக்கு பொட்டி தட்டற பொழப்பு. எங்க டீம்ல ஒருத்தர் எழுதின புரோகிராமைப் பார்த்துட்டு இன்னொருத்தர் "எனக்குப் பிடிக்கல"ன்னு மட்டும் எழுதினா அதை ரிவ்யூன்னு ஒத்துக்க மாட்டோம். எந்த வரி தப்பு, எதைக் குடுத்தா உடையும், அதைச் சொல்லு சாமின்னு கேப்போம். டிசைன் வகுப்புக்கு மட்டும் அந்த நியாயம் கிடையாதா?

சரி, அந்த இன்டர்நேஷனல் லுக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு பார்ப்போமா? டிசைன் வகுப்புகள்ல கும்பிடற ஹெல்வெட்டிகா எழுத்துரு 1957-ல ஸ்விட்சர்லாந்துல பொறந்தது. 1960-ல வெச்ச அந்தப் பேரே ஸ்விட்சர்லாந்தோட லத்தீன் பேர்லேர்ந்து எடுத்ததுதான். அதாவது அவங்க ஊர்ப் பேரை வெச்ச அவங்க ஊர்ச் சரக்கு. அவங்க ஊர் லோக்கல் நமக்கு இன்டர்நேஷனல், நம்ம ஊர் லோக்கல் மட்டும் லோக்கல்! என்ன கணக்கு சார் இது?

1969-ல மெக்சிகோ நகர மெட்ரோ ரயில் ஓட ஆரம்பிச்சப்போ, லான்ஸ் வைமன் அதோட ஸ்டேஷன்களுக்குத் தனித்தனிப் படச் சின்னம் போட்டார். படிக்கத் தெரியாத பயணிகளும் இறங்க வேண்டிய இடத்தைக் கண்டுபிடிக்கணும்னுதான். அந்தப் படங்கள் அந்தந்த இடத்தோட வரலாறு, கோயில், மிருகம்னு சுத்தமான உள்ளூர்ச் சமாச்சாரம். இன்னிக்கு உலகம் பூரா டிசைன் வகுப்புல அதைப் பாடமா வெக்கறாங்க. அதே யோசனையை ஒரு பொண்ணு நம்ம பஸ் ஸ்டாண்டுக்குப் பண்ணினா 23 மார்க்.

இன்னொண்ணு. அகமதாபாத்ல தேசிய டிசைன் கல்லூரி 1961-ல ஆரம்பிக்கறதுக்கு அடிப்படையா இருந்தது, 1958-ல சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் குடுத்த அறிக்கை. அந்த அமெரிக்கத் தம்பதி இந்தியாவுல பார்த்ததுலயே அழகானதுன்னு எதைப் புகழ்ந்தாங்க தெரியுமா? சொம்பை! நாட்டாமை சொம்பு இல்லீங்க, நம்ம வீட்டுத் தண்ணிச் சொம்பு :-)

"இதெல்லாம் பேச நல்லாருக்கும், வேலை கிடைக்குமா"ன்னு ஒரு கோஷ்டி வரும். அவங்களுக்கு ஒரு பேர் சொல்றேன்: உதயகுமார். மும்பை ஐஐடி-யில டிசைன் படிச்சப்போ பராசக்தின்னு ஒரு தமிழ் எழுத்துரு பண்ணினவர். ஆராய்ச்சிப் படிப்பும் தமிழ் எழுத்தைப் பத்தித்தான். 2010 ஜூலை 15-ல மத்திய அமைச்சரவை ஏத்துக்கிட்ட ரூபாய் சின்னம் அவர் போட்டதுதான். சொந்த எழுத்தோட மல்லுக்கட்டினது அவரை எங்கயும் பின்னால தள்ளலையே?

இன்னும் சிலர், "வேலைக்குப் போனா கிளையன்ட் சொல்றதைத்தானே செய்யணும், இப்பவே பழகட்டும்"னு சொல்வாங்க. அட, அதனாலதாங்க சொல்றேன்! காசு குடுக்கறவனுக்குத் தலையாட்டத்தான் வாழ்க்கை பூரா கிடக்கே. சொந்தமா ஒரு முடிவெடுத்து, அது ஏன்னு நெஞ்சை நிமிர்த்திப் பேசிப் பழகறதுக்குன்னு இருக்கற ஒரே இடம் வகுப்புதான். அங்கயும் தலையாட்டச் சொல்லிக் குடுத்தா எப்படி?

தமிழ்னாலே தலையில தூக்கி வெச்சு ஆடச் சொல்லலை. எதைக் குடுத்தாலும் ஒரு கோபுரம், ஒரு கோலம், ஒரு யானைன்னு ஒட்டிட்டு "நம்ம கலாச்சாரம்"னு சொல்றதும் சோம்பேறித்தனம்தான். காபி கப்புல ஒரு இலையைச் செருகறதுக்கும் அதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

தமிழ்ல செய்யணும்னு நெனக்கற பசங்களுக்கு ஏற்கெனவே கஷ்டம் ஏராளம். பழைய ஃபோட்டோஷாப்புல தெற்காசிய எழுத்துக்கான அமைப்பை மாத்தலைன்னா கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்னு எழுத்தே சிதறிப் போகும். இதை வகுப்புல யாரும் சொல்லித் தராம, இவ ஒரு நாள் பூரா தலையைப் பிச்சுக்கிட்டா. இதுல மாட்டிக்கிட்டு "இங்கிலீஷ்லயே போட்டுடலாம்"னு ஓடிப்போற பசங்க எத்தனை பேரோ! அவ்வளவையும் தாண்டி வந்தவளுக்குத்தான் லோக்கல் பட்டம்.

இனிமே சொல்லப் போறதுதான் எனக்கு வயித்தெரிச்சல். அடுத்த புராஜெக்ட்டுக்கு அவ எங்கயும் போகலை, யாரையும் கேக்கலை. வெள்ளைப் பின்னணி, சாம்பல் நிறத்துல பொடி எழுத்து, மூலையில ஒரு வட்டம். ஒரே ராத்திரியில முடிச்சா. 50-க்கு 41! "இதுல என்னம்மா யோசிச்சே"ன்னு கேட்டேன். "சாருக்கு இதான் பிடிக்கும்ணா"ன்னா. அவ கத்துக்கிட்டது டிசைன் இல்லைங்க, சாரோட ரசனையை.

சார், உங்க ரசனை உங்களுக்கு. மாணவர்கிட்ட மூணே கேள்வி கேளுங்க: யாருக்குப் பண்ணினே? ஏன் இப்படிப் பண்ணினே? வேலை செய்யுதா? மூணாவதுக்குப் பதில் உங்ககிட்டயும் இல்ல, அவகிட்டயும் இல்ல. பலகையை பிரின்ட் எடுத்து பஸ் ஸ்டாண்ட் தூண்ல ஒட்டிட்டுப் பக்கத்துல நில்லுங்க. பத்துப் பேர் யாரையும் கேக்காம சரியான பஸ்ல ஏறுறாங்களான்னு எண்ணுங்க. அப்புறம் போடுங்க மார்க்கு.

டிஸ்கி: "நீ என்ன பெரிய டிசைனரா"ன்னு கேக்கப் போறவங்களுக்கு: இல்லீங்க. அந்த பஸ்ஸுல போறவன்.