பிறக்காத குழந்தைக்கு யார் வக்கீல்?

ஓசூரை ஒட்டி இருக்கிறது மூக்கண்டப்பள்ளி. சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு ஊரின் முகமே மாறிவிட்டது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் கேட்கும். இப்போது இந்தியும் சேர்ந்து கொண்டது. கல்யாணமான கையோடு வேலை தேடி வந்த இளந்தம்பதிகள் இங்கே ஏராளம். தாயாரும் மாமியாரும் எங்கோ சொந்த ஊரில். வாடகை, சீட்டு, பால் கணக்கு போக மிச்சம் கொஞ்சம்தான்.

இப்படிப்பட்ட ஒரு வீட்டில், எதிர்பாராமல் மனைவி கர்ப்பமானால் என்ன செய்வது? பெற்றுக்கொள்வதா? வேண்டாம் என்பதா? யார் முடிவு செய்வது?

இது நாலு சுவருக்குள் முடிய வேண்டிய பேச்சு என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் இதே கேள்விக்காக நியூயார்க்கிலும் ஜெனீவாவிலும் வக்கீல்கள் வாதாடுகிறார்கள். தேசங்கள் ஓட்டுப் போடுகின்றன.

இரண்டு கட்சி

ஒரு கட்சியார், "கரு உண்டான நாள் முதல் அது உயிர்தான். குடும்பம்தான் சமுதாயத்தின் அஸ்திவாரம். இரண்டையும் சட்டம் காக்க வேண்டும்" என்கிறார்கள்.

அவர்கள் கையில் முக்கியமாக இரண்டு சாசனங்கள் இருக்கின்றன. ஒன்று, ஐ.நா. சபை 1948-ல் வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனம். குடும்பம் சமுதாயத்தின் இயற்கையான அடிப்படை அங்கம் என்று அது சொல்கிறது. மற்றொன்று 1989-ல் வந்த குழந்தைகள் உரிமை ஒப்பந்தம். பிறப்பதற்கு முன்பும் பின்பும் குழந்தைக்குச் சட்டப் பாதுகாப்பு தேவை என்று அதன் முகவுரையில் இருக்கிறது. 1992-ல் இந்தியாவும் இந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தது.

எதிர்க்கட்சியார், "முகவுரை வேறு, ஷரத்து வேறு. பெண்ணின் உடம்புக்கு அவளே எஜமானி. முறையான ஆஸ்பத்திரி இல்லாவிட்டால் அவள் போலி டாக்டரிடம் போய் உயிரை விடுவாள்" என்கிறார்கள்.

1994-ல் கெய்ரோ நகரத்தில் 179 நாடுகள் கூடி ஒரு சமரசம் செய்தன. கருக்கலைப்பைக் குடும்பக் கட்டுப்பாட்டு முறையாகப் பரப்பக் கூடாது. சட்டம் அனுமதிக்கும் இடத்தில் அது ஆபத்தில்லாமல் நடக்க வேண்டும் என்று எழுதினார்கள். முதல் பாதியை ஒரு கட்சியும், அடுத்த பாதியை மறு கட்சியும் இன்றுவரை எடுத்துக் காட்டுகின்றன!

இந்தியா எந்தப் பக்கம்?

இதுதான் வேடிக்கை. 2014 ஜூன் மாதம் ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலில், குடும்பப் பாதுகாப்புத் தீர்மானம் வந்தது. குடும்பம் பலவகைப்படும் என்ற வாசகத்தைச் சேர்க்க வேண்டும் என்று சில நாடுகள் மன்றாடின. அது ஓட்டுக்கே வரவில்லை. தீர்மானத்தை 26 நாடுகள் ஆதரித்தன. 14 நாடுகள் எதிர்த்தன. ஆதரித்த 26-ல் இந்தியாவும் ஒன்று.

2020 அக்டோபரில் அமெரிக்கா முன்நின்று ஒரு பிரகடனம் தயாரித்தது. கருக்கலைப்புக்குச் சர்வதேச உரிமை எதுவும் கிடையாது என்பது அதன் சாரம். 32 நாடுகள் அப்போது கையெழுத்துப் போட்டன. இந்தியா போடவில்லை. எப்படிப் போடும்? 1971-லேயே கருக்கலைப்புக்குச் சட்டம் செய்த நாடு இது.

அந்தச் சட்டம் 2021-ல் திருத்தப்பட்டது. இப்போது 20 வாரம் வரை ஒரு டாக்டரின் அபிப்பிராயம் போதும். பலாத்காரத்துக்கு ஆளானவர்கள் முதலிய சிலருக்கு மட்டும் 24 வாரம் வரை இடம் உண்டு. அதற்கு இரண்டு டாக்டர்கள் வேண்டும். கருவில் பெரிய குறை இருந்தால் மருத்துவக் குழு முடிவு செய்யும். வயது வந்த பெண் சம்மதித்தால் போதும். கணவரின் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. இது பல வீடுகளில் தெரியாத சங்கதி.

கருவுக்கும் தாய்க்கும் சம உரிமை என்று எழுதி வைத்த நாடு அயர்லாந்து. 1983-ல் அதை அரசியல் சட்டத்திலேயே சேர்த்தார்கள். நம் பக்கத்து மாநிலமான கர்நாடகத்தைச் சேர்ந்த பல் டாக்டர் சவிதா அங்கே வாழ்ந்தார். 2012-ல், 17 வாரக் கர்ப்பம் தானாகவே சிதையத் தொடங்கியது. கருவைக் கலைத்துவிடும்படி கேட்டார். கருவின் இதயம் துடிக்கிறது என்று மறுத்தார்கள். ரத்தத்தில் விஷம் ஏறி அக்டோபர் 28-ந் தேதி இறந்தார். வயது 31. அந்த நாடே கலங்கியது. 2018-ல் பொது ஜன ஓட்டெடுப்பு நடத்தி அந்த ஷரத்தை நீக்கினார்கள்.

மூன்றாவது ஆள்

மேல்நாட்டு வழக்கில் ஒரு பக்கம் தாய், மறுபக்கம் கரு. நம் ஊரில் மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு. அவர்தான் குடும்பம்!

சேலம், தருமபுரிப் பக்கம் பெண் சிசுக்கள் பிறந்த சில நாளிலேயே கொல்லப்பட்ட கதை எல்லோருக்கும் தெரியும். "வேண்டாம் என்றால் தொட்டிலில் போடுங்கள், கொல்லாதீர்கள்" என்று சர்க்கார் கெஞ்ச வேண்டி வந்தது. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில் தொடங்கியது. 2001-ல் தருமபுரிக்கு வந்தது. கிருஷ்ணகிரி அப்போது தருமபுரி ஜில்லாவில்தான் இருந்தது.

பிறகு ஸ்கேன் வந்தது. பிறக்கும் முன்பே ஆணா, பெண்ணா என்று பார்த்தார்கள். அதைத் தடுக்க 1994-ல் மத்திய சட்டம் நிறைவேறியது. மூக்கண்டப்பள்ளியிலிருந்து எல்லையைத் தாண்டிக் கர்நாடகத்துக்குப் போனாலும் அதே சட்டம்தான்.

அந்தச் சட்டத்தில் 24-வது பிரிவு ஒன்று இருக்கிறது. கர்ப்பிணி ஸ்கேன் மூலம் இப்படிப் பார்த்துக்கொண்டது கோர்ட்டுக்கு வந்தால், கணவரோ உறவினரோ அவளைக் கட்டாயப்படுத்தினார்கள் என்றே கோர்ட்டு எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது அவர்கள் பொறுப்பு. குடும்பத்தைக் காப்போம் என்று ஜெனீவாவில் கை தூக்கிய அதே இந்தியா, உள்ளூரில் குடும்பத்தைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறது. பார்க்க வேண்டியதுதான். 2011 கணக்குப்படி ஆறு வயது வரையுள்ள 1,000 ஆண் குழந்தைகளுக்கு நாடு முழுவதும் 919 பெண் குழந்தைகளே இருந்தார்கள். தமிழ்நாட்டில் 943.

அப்படியானால் கருவுக்காகப் பேசுகிறவர்கள் சொல்வதில் நியாயமே இல்லையா? உண்டு. 2023 அக்டோபரில் அந்தக் கேள்வி சுப்ரீம் கோர்ட்டின் முன் வந்து நின்றது.

இரண்டு குழந்தைகளுக்குத் தாயான 27 வயதுப் பெண். கடைசிக் குழந்தைக்குப் பால் கொடுத்து வந்ததால், மீண்டும் கர்ப்பமானதே தெரியவில்லை. பிரசவத்துக்குப் பிறகு வந்த மனநோய் வேறு. தெரிந்தபோது 24 வாரம் தாண்டிவிட்டது. முதலில் கோர்ட்டு அனுமதித்தது. பிறகு டெல்லி எய்ம்ஸ் டாக்டர், குழந்தை உயிரோடு பிறக்கக்கூடும் என்று எழுதினார். வழக்கை விசாரித்த இரண்டு பெண் நீதிபதிகளும் வெவ்வேறு தீர்ப்புச் சொன்னார்கள். ஹிமா கோலி, தமது மனசாட்சி இடங்கொடுக்கவில்லை என்றார். நாகரத்னா, தாயின் முடிவே முடிவு என்றார்.

அக்டோபர் 16-ந் தேதி, பிரதம நீதிபதி சந்திரசூட் தலைமையில் மூன்று நீதிபதிகள் அனுமதி மறுத்தார்கள். அப்போது கர்ப்பம் 26 வாரம் 5 நாள். பிரசவச் செலவைச் சர்க்கார் ஏற்க வேண்டும், குழந்தையைத் தத்துக் கொடுப்பதா, வளர்ப்பதா என்பதைப் பெற்றோரே முடிவு செய்யலாம் என்று தீர்ப்பில் சொன்னார்கள்.