ஒன்று உடைந்தால் மற்றவை உயர்வதா?



அமெரிக்காவின் மியாமி நகரில் 2023 பிப்ரவரியில் நடந்த கலைக் கண்காட்சி ஒன்றில், பார்வையாளர் ஒருவரால் நீலநிறப் பீங்கான் நாய்ச் சிற்பம் கீழே விழுந்து நொறுங்கியது. விழாக்களில் நீண்ட பலூனை முறுக்கிக் குழந்தைகளுக்குச் செய்து கொடுப்பார்களே, அந்தப் பொம்மையின் வடிவம் அது. அமெரிக்கச் சிற்பி ஜெஃப் கூன்ஸ் உருவாக்கியது. விலை 42,000 டாலர். சேகரிப்பாளர்களுக்காக 799 மட்டுமே செய்யப்பட்டிருந்தன. அன்று அவை 798 ஆயின. எஞ்சியவற்றின் மதிப்பு கூடிவிட்டது என்று பேசப்பட்டது. உடைந்த துண்டுகளை விலைக்குக் கேட்டவரும் உண்டு. இதே சிற்பியின் எஃகு முயல் ஒன்று 2019-இல் நியூயார்க் ஏலத்தில் 9 கோடியே 10 லட்சம் டாலருக்கு மேல் விற்பனையானது.

இச்செய்தியைக் கேட்டதும் நம்மில் பலர், “சிலை வீட்டில் கூடாது, இதில் பேச என்ன இருக்கிறது?” என்று கடந்துவிடுவோம். உயிரினங்களின் சிலைகளை வீட்டில் வைப்பதை மார்க்கம் தடுத்திருப்பது உண்மையே. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறுவயதில் பொம்மைகள் வைத்து விளையாடியதை நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை என்பதை ஆதாரமாகக் கொண்டு, குழந்தைகளின் விளையாட்டுப் பொம்மைகளை அறிஞர்களில் பெரும்பாலோர் அனுமதித்துள்ளனர். சட்டம் தெளிவானது. எனினும் உள்ளத்தைப் பற்றிய கேள்வி எஞ்சி நிற்கிறது.

அந்த நாயின் விலை பெரிதும் பீங்கானால் வந்ததன்று. பிறரிடம் அது இல்லை என்பதால் வந்தது. ஆகவேதான் ஒருவருடைய பொருள் உடைவது மற்றவருக்கு இலாபமாகிறது. பிறருடைய இழப்பில் நம் செல்வம் வளர்வதை மனம் விரும்பத் தொடங்கினால், பொறாமைக்கு வாசல் திறந்துவிட்டது என்று பொருள்.

இந்த ஆசைக்குச் சிலைதான் வேண்டும் என்பதில்லை. குறைந்த எண்ணிக்கையில் வெளியிடப்படும் கைக்கடிகாரம், காலணி, அத்தர் குப்பி என எதன் வழியாகவும் அது நம் வீட்டில் நுழையும். பயன்படுத்த வாங்கினோமா, பெருமை காட்ட வாங்கினோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். விலை ஏறியதும் விற்கும் எண்ணத்துடன் வாங்கியிருந்தால் அது வணிகச் சரக்கு. நிஸாபை எட்டி ஓராண்டு நிறைந்தால் அன்றைய சந்தை விலையில் 2.5 சதவீதம் ஸகாத் கடமையாகும். “இது அலமாரியில் அழகுக்கு வைத்த பொருள்” என்று சொல்லித் தப்ப இயலாது.

மதரஸாவில் ‘அலிஃப்’ எழுத்தை நாற்பது பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். நாற்பதாவது பிள்ளை கற்றதால் முதல் பிள்ளையின் அலிஃப் மலிந்துபோவதில்லை. பகிர்ந்தாலும் குறையாத இத்தகைய செல்வத்தை விரும்புவோராக நம் பிள்ளைகளை வளர்ப்போம். வல்ல அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக!