நாமே அழைத்த விருந்தாளி

ஏகாதசிப் பலகாரத்துக்கு ஜவ்வரிசி உப்புமா கிளறும் முறையைப் பார்க்கலாமென்று கம்ப்யூட்டரைத் திறக்கிறீர்கள். செய்முறை வருவதற்குள் திரையின் வலது மூலையில் ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்க்கிறது: 'உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது!' அதை மூடினால் இன்னொன்று: 'உங்கள் கம்ப்யூட்டரில் ஐந்து வைரஸ்!' அதையும் மூடினால், பெயரே கேள்விப்படாத ஒரு கடையின் விளம்பரம் திரை முழுவதும் வந்து நிற்கிறது.

"யந்திரம் பழசாகிவிட்டது, தள்ளிவிட்டு வேறு வாங்கவேண்டியதுதான்" என்பார் வீட்டுக்காரர். "அம்மா எதையாவது அழுத்தியிருப்பாள்" என்பான் பிள்ளையாண்டான். இரண்டும் அவசரத் தீர்ப்பு, சகோதரிகளே! யந்திரத்தைத் தள்ளவும் வேண்டாம், அம்மாவைத் திட்டவும் வேண்டாம். அரைமணி நேரம் ஒதுக்கினால் நீங்களே இதைச் சரிசெய்துவிடலாம்.

இந்த உபத்திரவத்துக்கு 'ஆட்வேர்' என்று பெயர். விளம்பரம் காட்டிப் பணம் பண்ணுகிற புரோகிராம். சுவரேறிக் குதித்து வருவது இதன் வழக்கமல்ல. பெரும்பாலும் வாசல் வழியாக, நம்மிடம் அனுமதி வாங்கிக்கொண்டே வருகிறது. அனுமதி கொடுத்தது நமக்குத் தெரியாது என்பதுதான் வேடிக்கை!

எப்படி என்கிறீர்களா? சினிமாப் பார்க்கவோ, பிள்ளையின் பள்ளிக்கூடப் பாடத்தை அச்சடிக்கவோ, இலவசப் புரோகிராம் ஒன்றை இறக்குகிறோம். 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று படிக்காமலே அழுத்திக்கொண்டு போகிறோம். நடுவில் ஒரு பக்கத்தில், 'இதையும் கூடச் சேர்த்துக்கொள்ளச் சம்மதம்' என்ற வரிக்கு முன்னால் ஏற்கனவே டிக் போட்டு வைத்திருப்பார்கள். ஒவ்வொரு வீட்டில் புகும்போதும் இலவசப் புரோகிராம்காரருக்கு ஒரு கூலி உண்டு. பெரிய கம்பெனிகளும் இதற்கு விலக்கல்ல. ஆரக்கிள் கம்பெனியின் 'ஜாவா'வை இறக்கியவர்களுக்குப் பல வருஷங்கள் 'ஆஸ்க்' என்ற கருவிப்பட்டையும் இப்படித்தான் ஒட்டிக்கொண்டு வந்தது.

இன்னொரு வாசலும் உண்டு. ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தால், 'நீங்கள் மனிதர்தான் என்று காட்ட அலவ் என்பதை அழுத்துங்கள்' என்று கேட்கும். அழுத்தினோமானால், நமக்கு வேளாவேளைக்கு விளம்பரம் அனுப்ப நாமே உரிமை எழுதிக் கொடுத்ததாக அர்த்தம்.

"விளம்பரம்தானே, போகட்டும்" என்று விட்டுவிடலாகாது. 2014-ஆம் வருஷம் லெனோவா கம்பெனியின் மடிக் கம்ப்யூட்டர்கள் பலவற்றில், விற்பனைக்கு வரும்போதே 'சூப்பர்பிஷ்' என்ற ஆட்வேர் இருந்தது. பூட்டுப் போட்ட பக்கங்களிலும் விளம்பரம் நுழைக்கவேண்டுமென்று, அது அந்தப் பூட்டுக்கே மாற்றுச் சாவி செய்துகொண்டது. பாங்குக் கணக்குப் பார்க்கும் பக்கத்துக்கும் அதே பூட்டுத்தான்! எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் ஒரே சாவியை வைத்திருந்ததால், அது கெட்டிக்காரத் திருடன் கையில் சிக்கினால் என்ன ஆகும்? 2015 பிப்ரவரியில் விஷயம் அம்பலமாயிற்று. அதை நீக்குவதற்குக் கம்பெனியே ஒரு கருவி கொடுக்க வேண்டியதாயிற்று. அமெரிக்க அரசாங்கத்தின் வர்த்தகக் கமிஷன் தொடுத்த வழக்கு 2017-இல் சமரசத்தில் முடிந்தது.

சரி, இனிக் காரியத்தைப் பார்ப்போம். விண்டோஸும் குரோமும் உள்ள வீட்டுக்குச் சொல்லுகிறேன்.

முதலில், மூலையில் முளைக்கும் பெட்டிகள். குரோமில் வலது மேல் ஓரத்தில் மூன்று புள்ளிகள் இருக்கும். அதை அழுத்தி, 'செட்டிங்ஸ்', 'பிரைவசி அண்ட் செக்யூரிடி', 'சைட் செட்டிங்ஸ்', 'நோட்டிபிகேஷன்ஸ்' என்று வரிசையாகப் போங்கள். யார் யாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறோம் என்ற ஜாபிதா அங்கே இருக்கும். தெரியாத பெயர்களையெல்லாம் நீக்குங்கள். அநேகம் வீடுகளில் பாதித் தொல்லை இத்துடன் தீர்ந்துவிடும்.

இரண்டாவது, அதே மூன்று புள்ளிகளில் 'எக்ஸ்டென்ஷன்ஸ்' என்ற பகுதி. குரோமோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் சின்னச் சின்னப் புரோகிராம்கள் இவை. கூப்பன் தேடித் தருவது, படத்துக்கு வர்ணம் பூசுவது என்று யாரும் கேட்காதவை இருந்தால் 'ரிமூவ்' செய்யுங்கள்.

மூன்றாவது, கம்ப்யூட்டரில் குடியேறிய புரோகிராம்கள். ஸ்டார்ட் பொத்தானிலிருந்து 'செட்டிங்ஸ்', 'ஆப்ஸ்', 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' என்று போங்கள். ஜாபிதாவைத் தேதிவாரியாக அடுக்கச் சொல்லுங்கள். தொல்லை எப்போது ஆரம்பித்தது? பொங்கலுக்குப் பிறகா, பரீட்சைச் சமயத்திலா? அந்தச் சமயம் வந்து சேர்ந்தவர்கள்மேல்தான் சந்தேகம். ஆனால் பெயர் புரியவில்லை என்பதற்காக எல்லாவற்றையும் துடைத்துவிடாதீர்கள். மைக்ரோசாப்ட், இன்டெல், ரியல்டெக் என்ற பெயர்கள் சத்தத்துக்கும் திரைக்கும் வேண்டியவை. சந்தேகப் பேர்வழியை 'அன்இன்ஸ்டால்' செய்யும்போது, "நிஜமாகவே போகச் சொல்லுகிறீர்களா?" என்று அது கெஞ்சும். 'இருக்கட்டும்' என்ற பொத்தான் பெரிதாகப் பளபளக்கும். 'போ' என்பது மூலையில் மங்கலாக இருக்கும். நிதானமாகப் படித்துப் 'போ' என்பதையே அழுத்துங்கள்.

நான்காவது, குரோமைத் திறந்தவுடன் வேறு ஏதோ பக்கம் வருகிறதா? ஒன்றைத் தேடினால் வேறெங்கோ இழுத்துப் போகிறதா? 'செட்டிங்ஸ்' பகுதியில் 'ரீசெட் செட்டிங்ஸ்' என்று இருக்கிறது. அதைச் செய்தால் எல்லாம் பழையபடி ஆகும். நீங்கள் குறித்து வைத்த பக்கங்களும் சேமித்த பாஸ்வேர்டுகளும் போய்விடாது. பயம் வேண்டாம்.

கடைசியாக ஒரு சோதனை. 'விண்டோஸ் செக்யூரிடி' என்பது கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. அதில் 'புல் ஸ்கேன்' போட்டுவிட்டுச் சமையல் வேலையைப் பார்க்கலாம். மால்வேர்பைட்ஸ் கம்பெனியின் 'ஆட்வ்கிளீனர்' என்ற இலவசக் கருவி இந்த வேலைக்கென்றே ஏற்பட்டது. அதை அந்தக் கம்பெனியின் சொந்தப் பக்கத்திலிருந்துதான் இறக்கவேண்டும். தேடும்போது முதலில் வருவது சில சமயம் விளம்பரமாகவே இருக்கும். ஆட்வேரை ஒழிக்கப் போய் ஆட்வேரையே வாங்கி வரக்கூடாதல்லவா?

இனிச் சொல்லப்போவதுதான் மிக முக்கியம். திடீரென்று திரை முழுவதும் சிவப்பாகி, கூச்சல் போட்டு, 'உங்கள் கம்ப்யூட்டர் பூட்டப்பட்டது, உடனே இந்த நம்பருக்குப் போன் செய்யுங்கள்' என்று வந்தால், செய்யாதீர்கள்! மைக்ரோசாப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் போன் நம்பர் இருப்பதே இல்லை. இது வெறும் ஒரு பக்கம்தான். 'எஸ்கேப்' விசையைச் சிறிது நேரம் அழுத்திப் பிடியுங்கள். போகாவிட்டால் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வருகிற ஜாபிதாவில் குரோமைத் தேர்ந்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களைத் திரும்பக் கொண்டுவரட்டுமா என்று கேட்டால் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்.

ஒருவேளை பதற்றத்தில் போன் செய்து, எதிராளி சொன்னபடியெல்லாம் செய்து, பணமும் போய்விட்டதா? முதலில் இன்டர்நெட் இணைப்பைத் துண்டியுங்கள். பாங்குக்குச் சொல்லுங்கள். 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்; இப்படிப் பணத்தைப் பறிகொடுத்தவர்களுக்காகவே ஏற்பட்ட அரசாங்க எண் அது. பாஸ்வேர்டுகளை வேறொரு கம்ப்யூட்டரிலோ போனிலோ மாற்றுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் மறைக்காதீர்கள். "ஏமாந்தாயே" என்று சொல்லுவார்களே என்று இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால், அந்த இரண்டு நாளில் பணம் கைமாறிக் கைமாறி எங்கோ போய்விடும். இந்த ஏமாற்றுக்காரர்கள் நம்முடைய பயத்தைவிட நம்முடைய வெட்கத்தையே அதிகம் நம்பியிருக்கிறார்கள்.

வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்: இலவசமாக எதை இறக்கினாலும் 'கஸ்டம்' என்ற வழியைத் தேர்ந்து, பக்கம் பக்கமாகப் படித்து, வேண்டாத டிக்கை எடுத்துவிட வேண்டும். முக்கியமாக மாமியாருக்கும் மாமனாருக்கும் பொறுமையாகச் சொல்லுங்கள். தவறி எதையாவது அழுத்திவிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்போதுதான் சிவப்புத் திரையைக் கண்டால் அந்த நம்பரைக் கூப்பிடாமல் உங்களைக் கூப்பிடுவார்கள்.